கல்லிடைக்குறிச்சித் தம்பிக்கு: ஒரு லட்சம் ரூபாய்க்குள் எந்தக் கார்ட்ரிட்ஜ்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். தாத்தா சேர்த்துவைத்த கர்நாடக இசைத்தட்டுகள், எழுபதுகளின் திரைப்பாடல் எல்.பி.கள், வீரவநல்லூர்ப் பக்கம் தொழிலை நிறுத்திவிட்ட ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் மொத்தமாக வாங்கிய தட்டுகள், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் உள்ள சில 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகள்) ஆகியவை உங்களிடம் இருக்கின்றன. டர்ன்டேபிள் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7; அதில் இப்போது ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின் சிக்னலாக மாற்றும் சிறு பகுதி) இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் எம்.எம். (காந்தம் அசையும்) வகைக்கான போனோ இணைப்பு, அதாவது கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் நுழைவு, மட்டுமே உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். "எம்.சி. கார்ட்ரிட்ஜ்தான் உயர்தரம், எம்.எம். வாங்குவது காசைக் கரைப்பது" என்று ஒருவர் சொல்லியிருப்பதால், எந்த எம்.சி. (சுருள் அசையும் வகை) வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எம்.சி. வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நல்ல நுண்முனை வைர ஊசி உள்ள ஒரு எம்.எம். கார்ட்ரிட்ஜ், 78 தட்டுகளுக்கென்று தனியாக ஒரு ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் முனைப்பகுதி), தட்டுகளைக் கழுவுவதற்கான ஏற்பாடு, சரியாகப் பொருத்துவதற்கான கருவிகள் என்று இவ்வளவையும் வாங்கிய பிறகும் உங்கள் தொகையில் கணிசமான பகுதி மிஞ்சும். கார்ட்ரிட்ஜின் தரத்தைத் தீர்மானிப்பது சுருள் அசைகிறதா காந்தம் அசைகிறதா என்பதைவிட, பள்ளத்தைத் தொடும் வைரம் எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். உங்களிடம் உள்ள தட்டுகளைப் பொறுத்தவரை இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு 12 அங்குல எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் மையத்திலிருந்து ஏறத்தாழ 146 மில்லிமீட்டர் தொலைவில் தொடங்குகிறது. லேபிளை ஒட்டி 60 மில்லிமீட்டர் அளவில் முடிகிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடுகிற வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெளி ஓரத்தில் நொடிக்கு 510 மில்லிமீட்டர் ஓடுகிற பள்ளம் உள் ஓரத்துக்கு வரும்போது 209 மில்லிமீட்டர்தான் ஓடுகிறது. ஆகவே 10,000 ஹெர்ட்ஸ் உள்ள ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் பதிந்திருக்கும்; உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் சுருங்கிக் கிடக்கும். கூம்பு வடிவ ஊசியின் முனை ஏறக்குறைய 15 முதல் 18 மைக்ரான் ஆரம் உடையது. ரத வீதியில் கம்பீரமாகத் திரும்புகிற பெரிய தேர் முடுக்குக்குள் நுழைய முடியாததைப் போல, அந்தப் பருத்த முனையால் உள்வரிகளின் நெருக்கமான வளைவுகளுக்குள் போக முடியாது. அது வளைவுகளின் மேட்டைத் தொட்டுக்கொண்டு போய்விடும். மேல் ஸ்தாயியின் நுட்பங்கள் விடுபட்டு, அந்த இடத்தில் கரகரப்பு வந்து சேரும்.

உங்கள் 2எம் ரெட்டில் இருப்பது நீள்வட்ட ஊசி. அதன் பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரான், முன்புற ஆரம் 18 மைக்ரான். கூம்பு ஊசியைவிட இது பல மடங்கு மேல் என்றாலும், பக்கத்தின் கடைசிப் பாடலில் "ச", "ஷ" ஒலிகள் சீறுவதாக நீங்கள் எழுதியிருப்பதற்குக் காரணம் இந்த 8 மைக்ரான்தான். ஷிபாட்டா ஊசியில் அது 6 மைக்ரானாகக் குறைகிறது. அதே சமயம் பள்ளத்தின் சுவரில் மேலிருந்து கீழாக அது தொடும் கோடு நீளமாகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் சிடி-4 என்ற நான்கு தட ஒலிப்பதிவைக் கொண்டுவந்தபோது, காதுக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் ஊர்தி அலையையும் தட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. நோரியோ ஷிபாட்டா இந்த வடிவத்தை உருவாக்கியது அதற்காகத்தான். அந்த நான்கு தட முறை சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டாலும் ஊசி நிலைத்துவிட்டது. பின்னர் வந்த மைக்ரோலைன், மைக்ரோலீனியர் வகை முனைகளில் பக்க ஆரம் 3 மைக்ரான் அளவுக்கு இறங்கியிருக்கிறது. இவற்றை நான் பொதுவாக நுண்முனை என்று குறிப்பிடுகிறேன்.

நம் இசைக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கச்சேரித் தட்டுகளில் ஒரு பக்கத்தில் முடிந்த அளவு நேரத்தை அடைத்திருப்பார்கள். பள்ளம் லேபிளின் விளிம்பு வரை வந்துவிடும். ராகத்தின் உச்சமோ தனி ஆவர்த்தனத்தின் இறுதிக் கோர்வையோ அந்த உள்வரிகளில்தான் விழும். நாகஸ்வரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீவாளியிலிருந்து பிறக்கும் அந்த ஒலியில் அடிப்படைச் சுரத்துக்கு மேலே அடுக்கடுக்காக மேற்சுரங்கள் நிறைந்திருக்கின்றன. தவிலின் வலந்தலையில் விழும், கூடு அணிந்த விரலின் அடி ஒரு கணத்தில் எழுந்து அடங்குகிறது. ஊசியால் இவற்றைத் தொடர முடியாவிட்டால் நாகஸ்வரம் கிழிந்த குரலாகவும் தவில் மரப்பலகையாகவும் கேட்கும். நம் பகுதியில் கோயில் வாசலில் நின்று நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்த வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

சவுண்ட் சர்வீஸிலிருந்து வந்த தட்டுகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கொடை விழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓடிய தட்டுகள் அவை. அந்தக் கால ரெக்கார்டு பிளேயர்களில் இருந்தவை பெரும்பாலும் கிறிஸ்டல் அல்லது செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ்கள். இன்றைய கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராம் அழுத்தம் போதும். அவற்றுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்பட்டது. ஊசி தேய்ந்த பிறகும் விழா முடியும்வரை அதையே ஓட்டியிருப்பார்கள். ஆயினும் அந்தப் பருத்த கூம்பு ஊசிகள் பள்ளத்தின் சுவரை முழுவதும் தேய்த்துவிடவில்லை. குறிப்பிட்ட ஒரு உயரத்தில் மட்டுமே உராய்ந்தன. நுண்முனை ஊசி சுவரை நீளமான கோடாகத் தொடுவதால், பழைய ஊசி தொடாத பகுதியையும் அது எட்டுகிறது. கரகரப்புக்காக ஒதுக்கிவைத்த தட்டு மைக்ரோலைன் ஊசியில் வியக்கத்தக்க தெளிவுடன் பாடுவது இதனால்தான். சுவரே சிதைந்துபோன தட்டுகளை எந்த ஊசியும் மீட்காது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தட்டு எந்த வகையில் சேரும் என்பது கழுவி, புது ஊசியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே இப்போதே எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இனி எம்.எம்., எம்.சி. வேறுபாட்டுக்கு வருவோம். எம்.எம். வகையில் ஊசியைத் தாங்கும் தண்டின் மறுமுனையில் சிறிய காந்தம் இருக்கிறது. அது அசையும்போது அசையாமல் நிற்கும் சுருள்களில் மின்னழுத்தம் பிறக்கிறது. எம்.சி. வகையில் காந்தம் நிலையாக நிற்க, தண்டுடன் சுருள்கள் அசைகின்றன. அசைகிற சுருளை மிக இலேசாகச் செய்ய வேண்டியிருப்பதால் கம்பிச் சுற்றுகள் குறைவு. வெளிவரும் மின்னழுத்தமும் குறைவு. எம்.எம்.மில் 4 அல்லது 5 மில்லிவோல்ட் வரும் இடத்தில் எம்.சி.யில் 0.3 முதல் 0.5 மில்லிவோல்ட்தான் வரும். எம்.எம்.முக்கு 40 டெசிபல் பெருக்கம் போதும் என்றால் எம்.சி.க்கு 60 டெசிபலுக்குக் குறையாமல் வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் அந்த வசதி இல்லை. எம்.சி. வாங்கினால் கூடவே அந்தப் பெருக்கத்தைத் தரும் தனிப் போனோ ஸ்டேஜோ, மின்னழுத்தத்தை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ வாங்கியாக வேண்டும். ஒரு லட்சம் இரண்டாகப் பிரியும். மலிவான போனோ ஸ்டேஜில் விலையுயர்ந்த எம்.சி.யை இணைத்தால் அந்தக் கார்ட்ரிட்ஜின் மேன்மையைப் பின்னணி இரைச்சல் விழுங்கிவிடும்.

எம்.சி.யின் உண்மையான சிறப்பு எது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எம். கார்ட்ரிட்ஜின் சுருளில் கம்பிச் சுற்றுகள் மிக அதிகம். அந்தச் சுருளின் தூண்டலும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து, காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. 460 மில்லிஹென்றி தூண்டல் உள்ள ஒரு கார்ட்ரிட்ஜை 200 பிகோஃபாரட் மின்தேக்கத்துடன் இணைத்தால் அந்த அதிர்வு 16,600 ஹெர்ட்ஸ் அருகில் நிற்கும். பெரிதாகத் தொல்லை தராது. அதே கார்ட்ரிட்ஜை 400 பிகோஃபாரட் கொண்ட நீளமான கேபிளுடன் இணைத்தால் 11,700 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது தம்பூராவும் வயலினும் காது கூசும்படி ஒலிக்கும். எம்.சி.யின் தூண்டல் மிக மிகச் சிறியது என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. எம்.எம். ஒலி கடுமையாக இருக்கிறது என்று குறை சொல்பவர்களில் பலர் உண்மையில் கேட்டது பொருந்தாத கேபிளின் விளைவைத்தான். ஆடியோ-டெக்னிக்கா தன் எம்.எம். கார்ட்ரிட்ஜ்களுக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் வரையும், ஆர்டோஃபான் 2எம் வரிசைக்கு 150 முதல் 300 வரையும் பரிந்துரைக்கின்றன. எம்கே7-இல் சிக்னல் கேபிளைக் கழற்றி மாற்ற முடியும் என்பதால், குறைந்த மின்தேக்கமுள்ள குட்டையான கேபிள் ஒன்றை வாங்கிப் போட்டால் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் போனோ நுழைவில் இருக்கும் மின்தேக்கமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியின் பழைய வீடுகளில் எம்.சி.க்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. அக்கிரகாரத்து வீடுகளிலும் பழைய தொட்டிக்கட்டு வீடுகளிலும் மின்கம்பிகள் பல தலைமுறைகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. முறையான எர்த் இல்லாத பிளக்குகள் அங்கே சாதாரணம். 4 மில்லிவோல்ட் சிக்னலில் காதுக்குத் தட்டுப்படாத ஹம் ஓசை, அதில் பத்தில் ஒரு பங்கான 0.4 மில்லிவோல்ட் சிக்னலில் ஆலாபனையின் ஒவ்வொரு இடைவெளியிலும் எட்டிப்பார்க்கும். எம்.சி.க்குப் போவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த அறைக்கு ஒழுங்கான எர்த் போட்டுக்கொள்வது அவசியம். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் கேட்பவராக இருந்தால், அது சைன் வேவ் வகைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்ட்ரிட்ஜும் அதைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் ஒன்றுக்கொன்று பொருந்துவது. இதைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்களே அதிகம் என்பதால் சற்று நிதானமாக விளக்குகிறேன். ஊசித்தண்டு ஒரு சிறு ரப்பர்த் துண்டில் தாங்கி நிற்கிறது; அந்தப் பிடிமானம் எவ்வளவு இளகுகிறது என்பதை கம்ப்ளையன்ஸ் என்கிறார்கள். இளகும் பிடிமானமும் டோன்ஆர்மின் நிறையும் சேர்ந்து மிகத் தாழ்ந்த ஓர் அதிர்வெண்ணில் தாமாகவே ஆட விரும்பும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் நெளிந்த தட்டுகளின் ஏற்ற இறக்கம் ஊசியை ஆட்டிவைக்கும். மேலே போனால் இசையின் கீழ் எல்லையை அது தொடத் தொடங்கும். டோன்ஆர்மின் பயனுறு நிறை (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை ஆகிய மூன்றையும் கிராமில் கூட்டி, அதைக் கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைத்துவிடும்.

உங்கள் டோன்ஆர்மின் பயனுறு நிறை ஹெட்ஷெல்லுடன் சேர்த்து 12 கிராம். எல்லோரும் புகழ்கிற ஆர்டோஃபான் 2எம் பிளாக் 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 22. திருகுகளுக்கு 1 கிராம் சேர்த்தால் 20.2 கிராம்; கணக்கு 7.5 ஹெர்ட்ஸ் என்று முடிகிறது. இது ஆபத்தான எண் அல்ல. தட்டையான தட்டுகளில் அருமையாகவே ஓடும். ஆனால் வெயிலில் கிடந்து நெளிந்த சவுண்ட் சர்வீஸ் தட்டுகள் உங்களிடம் இருக்கும்போது, எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கிற இணையை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். ஆடியோ-டெக்னிக்கா விஎம்540எம்எல் 6.4 கிராம் எடை உடையது. அதன் கம்ப்ளையன்ஸ் 10 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் 100 ஹெர்ட்ஸில் அளந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் பல அப்படித்தான் அளக்கின்றன. ஐரோப்பிய எண்ணுடன் ஒப்பிட அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆக்கிக்கொள்ள வேண்டும். 17 அல்லது 18 என்று வைத்துக்கொண்டால் அதிர்வெண் 8.6 ஹெர்ட்ஸ் அருகில் வருகிறது. இது உங்கள் டோன்ஆர்முக்குப் பொருத்தமானது.

எனவே எல்.பி.களுக்கு என் முதல் பரிந்துரை விஎம்540எம்எல், அல்லது அதே குடும்பத்தில் மைக்ரோலீனியர் ஊசியுடன் கிடைக்கும் வேறொரு மாதிரி. இதன் ஊசி தேய்ந்துவிட்டால் பழையதை விரலால் கழற்றிப் புதியதை நீங்களே செருகிக்கொள்ளலாம். எம்.சி.யில் அது முடியாது. முழுக் கார்ட்ரிட்ஜையும் நிறுவனத்திடம் கொடுத்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஊசி மாற்றித் தரும் நிபுணருக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவு, சுங்க வரி, வழியில் தண்டு முறிந்துபோகும் அபாயம் ஆகிய மூன்றையும் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வாங்குவதற்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தக் காரணம் ஒன்றே போதும்.

78 தட்டுகளை எந்தக் காரணத்தைக் கொண்டும் எல்.பி. ஊசியால் ஓட்டக் கூடாது. அவற்றின் பள்ளம் மிக அகலமானது, எல்.பி. ஊசி அடியில் உட்கார்ந்து குப்பையில் உருளும். தவிர, அரக்குத் தட்டில் கலந்திருக்கும் கல்பொடி நுண்முனையை வெகு சீக்கிரம் அரித்துவிடும். காருகுறிச்சியார் 1964-இல் மறைந்தார். அவருடைய வாசிப்பு அரக்குத் தட்டில் கையில் இருப்பது பெரிய பேறு, அதற்குரிய மரியாதையுடன் அதை ஓட்ட வேண்டும். உங்கள் எம்கே7-இல் 78 வேகமும் இருக்கிறது. ஆடியோ-டெக்னிக்கா விஎம்95எஸ்பி என்ற கார்ட்ரிட்ஜ் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவுள்ள பருத்த கூம்பு ஊசியுடன் இதற்கென்றே வருகிறது. ஏறத்தாழ 5 கிராம் அழுத்தத்தில் ஓடும். அதைத் தனி ஹெட்ஷெல்லில் பொருத்தி வைத்துக்கொண்டால், வளையத்தைத் திருகிக் கழற்றி மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும். எதிர் எடையை மட்டும் மறக்காமல் மீண்டும் சரிசெய்ய வேண்டும். விஎம்95 வரிசையின் எல்லா ஊசிகளும் ஒரே உடலில் பொருந்துவதால், அவசரத்துக்கு அதே உடலில் எல்.பி. ஊசியையும் செருகிக்கொள்ளலாம்.

அறுபதுகளின் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. மோனோத் தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமாக ஊசி அசைவதெல்லாம் தூசியும் தேய்மானமும்தான். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். அந்த இரைச்சலில் பெரும்பகுதி நீங்கிவிடும். அது இருக்கும்போது தனி மோனோ கார்ட்ரிட்ஜ் உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

எம்.சி. ஆசை மனத்தை விட்டு அகலாவிட்டால், ஓராண்டு கழித்து, எர்த்தைச் சரிசெய்து, தனிப் போனோ ஸ்டேஜ் வாங்கிய பிறகு, இரண்டு பெயர்களைப் பார்க்கலாம். டெனான் டிஎல்-103 ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் நிலையங்களுக்காக 1960களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. இன்றுவரை பெரிய மாற்றமின்றி விற்பனையில் உள்ளது. 8.5 கிராம் எடையும் இறுக்கமான பிடிமானமும் இருப்பதால் உங்கள் டோன்ஆர்மில் 11 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். குரலுக்கு அது தரும் நிறைவை நானும் நேசிக்கிறேன். ஆனால் அதன் ஊசி கூம்பு வடிவம். உள்வரிகளைப் பற்றி நான் மேலே எழுதிய அனைத்தும் அதற்குப் பொருந்தும். ஆகவே உங்கள் கச்சேரித் தட்டுகளுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஹானா எம்எல் இதற்கு மாறானது: 9.5 கிராம், 0.4 மில்லிவோல்ட், போரான் தண்டு, மைக்ரோலைன் ஊசி. உங்கள் டோன்ஆர்மில் 8 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அமையும். 100 ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட சுமையும் 60 டெசிபலுக்கு மேற்பட்ட பெருக்கமும் அதற்கு வேண்டும். லைரா, கோயெட்சு போன்ற விலையுயர்ந்த எம்.சி. பெயர்களின் பக்கம் இப்போது போக வேண்டாம். அவற்றின் திறமையை வெளிக்கொணரும் டோன்ஆர்மும் போனோ ஸ்டேஜும் அமையாமல் அவற்றை வாங்குவது அந்தக் கைவினைஞர்களின் உழைப்புக்கே நியாயம் செய்வதாகாது.

பழைய கையிருப்பில் இருக்கும் புகழ்பெற்ற கார்ட்ரிட்ஜ்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதன் பெட்டி பிரிக்காத பழைய மாதிரிகள் பெரிய விலைக்கு வருகின்றன, வாங்காதீர்கள். ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் பயன்படுத்தாமலே ஆண்டுக்கணக்கில் இறுகிவிடும். அது எந்த ஊர்க் கிடங்கில் எந்தக் கோடையைக் கடந்து வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஓடிய மணிக்கணக்கு தெரியாத கார்ட்ரிட்ஜை இரண்டாம் கையாக வாங்குவதும் அப்படித்தான்.

நுண்முனை ஊசி தன் சிறப்பைக் காட்ட வேண்டுமென்றால் பொருத்துவதில் கவனம் வேண்டும். கூம்பு ஊசி மன்னிக்கிற கோணப் பிழையை இது மன்னிக்காது. டெக்னிக்ஸ் கொடுக்கும் அளவுகோலின்படி, ஹெட்ஷெல்லின் கழுத்து வளையத்திலிருந்து ஊசி முனைவரை 52 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்குங்கள். ஊசியின் கோணப் பிழை பூஜ்யமாகும் இரண்டு புள்ளிகளில் ஒன்றைத் தட்டின் உட்புற எல்லையை ஒட்டியே அமைக்கும் கணக்கு அது. பேர்வால்ட் முறைப்படி 66.0, 120.9 மில்லிமீட்டர் தொலைவுகளில் அந்தப் புள்ளிகளை வைக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள்; தட்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் அது சிறந்ததுதான். ஆனால் லேபிள்வரை நிரம்பிய கச்சேரித் தட்டுகளை முதன்மையாகக் கேட்கும் உங்களுக்கு டெக்னிக்ஸின் கணக்கே நல்லது. அதன்பின் கார்ட்ரிட்ஜின் உடல் ஹெட்ஷெல்லுக்குள் இடமோ வலமோ திரும்பாமல் நேராக இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். டோன்ஆர்மின் உயரத்தை, தட்டின் மேல் ஊசி இறங்கியிருக்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக நிற்கும்படி அமையுங்கள். அழுத்தத்தைச் சிறிய எலக்ட்ரானிக் தராசில் அளந்து 2.0 கிராமில் வையுங்கள். குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. உண்மையில் அழுத்தம் போதாமல் தாவுகிற ஊசிதான் பள்ளத்தின் சுவரை இடித்துப் பாழாக்கும்.

தட்டுகளைக் கழுவாமல் புது ஊசியை இறக்கவே கூடாது. நுண்முனை பள்ளத்தின் ஆழம் வரை எட்டுவதால், கூம்பு ஊசி தொடாமல் விட்ட அழுக்கையும் தொட்டுவிடும். ஆடிக்காற்றில் ஜன்னல் வழியே வந்து படியும் மண்ணும், தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் மாதங்களில் உறைக்குள் பூக்கும் பூசணமும் நம் தட்டுகளின் பொது நோய்கள். எல்.பி.களுக்குக் காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே கழுவி, மீண்டும் தனி நீரால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். 78 தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். பூசணம் பிடித்த காகித உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய உள்ளுறைகளை வாங்குங்கள். அட்டைகளை மட்டும் வெயில் படாமல் காற்றாட வைத்துப் பாதுகாக்கலாம்.

ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் பின்புறத்திலிருந்து முன்புறமாக மட்டும் தூரிகையால் ஒரு முறை வருடுங்கள். குறுக்காகவோ எதிர்த்திசையிலோ வேண்டாம். கூம்பு ஊசிக்கு 500 மணி நேரம், நீள்வட்டத்துக்கு 300, ஷிபாட்டாவுக்கு 800, மைக்ரோலீனியருக்கு 1,000 என்று ஆடியோ-டெக்னிக்கா தன் ஊசிகளின் ஆயுளைக் குறிப்பிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் மைக்ரோலீனியர் ஏறத்தாழ 2¾ ஆண்டுகள் வரும். மூன்று நீள்வட்ட ஊசிகளின் ஆயுள் அந்த ஒரே ஊசியில் அடங்கிவிடுகிறது. முதலில் அதிகமாகத் தெரிகிற விலை இந்தக் கணக்கில் நேராகிவிடும். கேட்ட நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 800 மணி நேரம் ஆனவுடன் ஊசியை ஒரு நல்ல நுண்ணோக்கியில் 200 மடங்கு பெருக்கிப் பாருங்கள். முனையின் இரு பக்கமும் தட்டையான பளபளப்புத் திட்டுகள் தெரிந்தால், உள்வரியில் சீற்றம் கேட்கத் தொடங்கும் வரை காத்திராமல் அன்றே புதிய ஊசிக்குச் சொல்லிவிடுங்கள்.